சத்து குறைந்தால் தசை தளரும், கூட்டினால் வளராது

முப்பது வயதுக்குப் பிறகு, பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இந்த வேகம் கூடும். தசையின் அளவைவிட வலிமை இன்னும் விரைவாகப் போய்விடும். காரணம், முதலில் மெலிபவை சட்டென்று விசை தரும் வேக இழைகள். கால் இடறும்போது அடுத்த காலை எட்டி வைத்துச் சமாளிக்க உதவுபவை அவைதாம். இந்த இழப்புக்கு சார்கோபீனியா என்ற பெயரை 1989-இல் முன்வைத்தவர் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க்.

தசை என்றதும் எல்லோரும் புரதத்தைத்தான் பேசுகிறோம். அது சரிதான். ஆனால் அந்தப் புரதம் இயங்கச் சில தாது உப்புகள் வேண்டும். ஒவ்வொரு முறை தசை சுருங்கும்போதும் கால்சியம்தான் அதற்கு ஆணையிடுகிறது. சுருங்கத் தேவையான ஆற்றலைத் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு. அந்த ஏடிபியோ மக்னீசியத்தோடு சேர்ந்திருந்தால்தான் தசைக்குப் பயன்படும். உடம்பிலுள்ள மக்னீசியத்தில் ஏறத்தாழ கால் பங்கு தசைகளில் இருக்கிறது. இரத்த நீரில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. எனவே இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருந்தாலும் உள்ளே தட்டுப்பாடு இருக்கலாம்.

வைட்டமின் டி கதை இன்னும் சிக்கலானது. அது கடுமையாகக் குறைந்தால் இடுப்பும் தொடையும் தளர்ந்துவிடும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது, படியேறுவது பெரும்பாடாகும். குறையைச் சரிசெய்தால் பெரும்பாலும் வலு திரும்புகிறது. இதை வைத்து, எல்லோரும் நிறைய எடுத்தால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. அதில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒரே வேளையாக 5 லட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்கள்தான் அதிகம் கீழே விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம்.

தசை குறைந்தவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பதாகப் பல கணக்கெடுப்புகள் சொல்கின்றன. அவற்றைப் படிக்கும்போது எது காரணம், எது விளைவு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கால் தளர்ந்தவர் வெளியே போவதில்லை. வெயில் படாத தோலில் வைட்டமின் டி உருவாவதுமில்லை. உணவும் அப்படித்தான். நன்றாகச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் நன்றாக நடமாடுகிறவராகவும் இருப்பார். தசையை வளரச் சொல்லி முதலில் தூண்டுவது எடை தூக்குதல் போன்ற உழைப்புதான். அந்தத் தூண்டுதல் இல்லாத தசைக்கு, போதுமான அளவுக்கு மேல் வைட்டமின் கொடுத்துப் பயனில்லை.

வைட்டமின் பி12 குறைந்தால் நரம்பு பாதிக்கப்பட்டு, அதனாலும் கால் தளரும். வயதானால் உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வயிற்று அமிலம் பலருக்குக் குறைகிறது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் நெடுநாள் எடுக்கும்போது பி12 குறைவை உண்டாக்கலாம். அவற்றை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு நடை தளர்ந்தால், வயதின் மீது பழி போடுவதற்கு முன் பி12 அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.