பௌஹவுஸ்: இதற்குத் தமிழில் என்ன?

வெள்ளைச் சுவர், தட்டையான கூரை, பெரிய கண்ணாடிச் சன்னல் மூன்றும் இருந்தால் போதும், ‘பௌஹவுஸ் பாணி வீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அது முதலில் ஒரு பள்ளியின் பெயர். ஜெர்மனியில் 1919 முதல் 1933 வரை, பதினான்கே ஆண்டுகள் நடந்த பள்ளி.

சரி, சொல்லைப் பிரிப்போம். ‘பௌ’ என்றால் கட்டுமானம், ‘ஹவுஸ்’ என்றால் வீடு. ஹவுஸில் விளக்க ஒன்றுமில்லை, பௌதான் ஆழமான சொல். அதன் வினைச்சொல் பழைய ஜெர்மனில் குடியிருப்பதையும் நிலத்தைப் பண்படுத்துவதையும் சேர்த்தே குறித்தது, இன்றைக்கும் உழவருக்கு அங்கே ‘பௌவர்’ என்றுதான் பெயர், நரியின் வளைகூட ஒரு பௌதான். வீடு கட்டும் வேலையை அவர்கள் வழக்கமாக ‘ஹவுஸ்பௌ’ என்பார்கள். பள்ளியின் பெயரில் அது முன்பின்னாக மாறியிருக்கிறது: கட்டும் வேலைக்கான வீடு.

இந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொரு பழைய சொல் நிற்கிறது, ‘பௌஹூட்டெ’. ஹூட்டெ என்றால் கொட்டகை. இடைக்காலத்தில் பேராலயம் எழும்பும் இடத்திலேயே கல்தச்சர்கள் கூடி வேலை செய்த, வேலை பழகிய கொட்டகை அது. வைமர் நகரில் ஓவியக் கல்லூரியையும் கைவினைப் பள்ளியையும் ஒன்றாக்கி பௌஹவுஸைத் தொடங்கிய கட்டடக்கலைஞர் வால்டர் குரோப்பியஸின் மனதில் இருந்தது இந்தக் கொட்டகைதான். பள்ளியைத் தொடங்கியபோது அவர் வெளியிட்ட அறிக்கையின் அட்டையில் ஓவியர் லியோனல் ஃபைனிங்கர் மரத்தில் செதுக்கி அச்சிட்ட படமும் ஒரு பேராலயம்.

பௌஹவுஸைக் ‘கட்டடக்கலைப் பள்ளி’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்காததற்குக் காரணம் எளிது. பௌஹவுஸில் கட்டடக்கலைக்கென்று தனித் துறை வந்ததே 1927-இல்தான்! அதுவரை அங்கே இருந்தவை பட்டறைகள்: தச்சு, உலோகம், மண்பாண்டம், நெசவு. (பெண்களைப் பெரும்பாலும் நெசவுக்கே தள்ளினார்கள், அது அநியாயம். குன்டா ஷ்டோல்ஸ்ல் நடத்திய அந்த நெசவுப் பட்டறைதான் பள்ளியின் மிகச் சிறந்த பட்டறைகளில் ஒன்றாக வளர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) வைமரில் ஆசிரியருக்குப் பேராசிரியர் என்ற பட்டம் இல்லை, ‘மைஸ்டர்’. இது லத்தீன் ‘மாகிஸ்தர்’ வழி வந்தது. அதே லத்தீன் சொல் போர்ச்சுகீசியத்தில் ‘மெஸ்த்ரெ’ ஆகி நம்மிடம் வந்து சேர்ந்ததுதான் மேஸ்திரி! ஓவியர்கள் பால் க்ளேயும் காண்டின்ஸ்கியும் அங்கே மேஸ்திரிகள், மாணவர்கள் தொழில் பழகுநர்கள்.

எப்படிப் பழகினார்கள்? பள்ளி 1925-இல் டெஸ்ஸா நகருக்கு மாறிய பிறகு, முதல் கட்டப் பயிற்சியை நடத்தியவர்களில் ஒருவர் யோசப் ஆல்பர்ஸ். அவர் வகுப்புக்கு ஒரு கட்டு செய்தித்தாளோடு வருவார், ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, கத்தரி, பசை இல்லாமல் முடிந்தால் நல்லது, இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். திரும்பி வந்தால் மேசை மேல் கோட்டை, விமானம், முகமூடி, விலங்கு என்று நிறைந்திருக்கும். இதையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று ஒதுக்கிவிட்டு, தாளை நீளவாக்கில் மடித்து மடிப்புத் தட்டி போல நிறுத்தியிருந்த ஒருவருடைய வேலையைக் காட்டினார். துவளும் தாள் வெறும் மடிப்பினாலேயே விறைத்து, தன் மெல்லிய விளிம்பில் நிற்கிறது. தாளால் மட்டுமே முடிகிற வேலை அது.

1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் பெர்லினில் பள்ளி மூடப்பட்டது. அதே ஆண்டு ஆல்பர்ஸ் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். 1937-இல், பௌஹவுஸில் ஆசிரியராக இருந்த மொஹோலி-நாகி சிகாகோவில் ‘புதிய பௌஹவுஸ்’ தொடங்கினார், குரோப்பியஸ் ஹார்வர்டில் சேர்ந்தார். இன்றைக்கு வடிவமைப்புக் கல்லூரிகளில் முதல் ஆண்டு மாணவர்கள் கோடு, நிறம், தாள், கம்பி என்று கையால் பழகுகிறார்களே, அந்த ஆண்டு பெரும்பாலும் இந்த முதல் கட்டப் பயிற்சியின் வழி வந்தது. அப்புறம், பௌஹவுஸ் ஆசிரியர்களின் ஓவியங்கள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன, பள்ளி தொடங்கி மூன்றே ஆண்டுகளில்.

ஆகவே என் பரிந்துரை இது. பள்ளியைப் பெயராகச் சொல்லும்போது பௌஹவுஸ் என்றே எழுதுங்கள். பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கட்டுமானப் பட்டறை’ என்று போடுங்கள். ‘கட்டுமான இல்லம்’ சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் வீட்டு மனை விற்கும் அலுவலகம் போலக் கேட்கிறது. பட்டறை என்றால் வேலையும் நடக்கும், பையன்கள் சேர்ந்து தொழிலும் பழகுவார்கள், அந்த இரண்டும்தானே பௌஹவுஸ். வெள்ளைச் சுவர் வீட்டுக்கு ‘நவீனத்துவக் கட்டடம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதையே எழுதலாம்.