மணல்மேல் படுத்த குவியத் தளம்

தனுஷ்கோடியில், 1964 டிசம்பர்ப் புயலில் கூரையை இழந்து வெறும் சுவர்களாக நிற்கும் தேவாலயத்தைப் படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சுவரை மட்டுமே எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் எடுக்க நினைத்த படத்தில் சுவர் 40 மீட்டர் தள்ளி நின்றது. முன்னால், கேமராவிலிருந்து 3 மீட்டர் தூரத்தில், மணலில் ஒரு வலை காய்ந்துகொண்டிருந்தது. வலையின் முடிச்சுகளும், சுவரிலுள்ள பவளப்பாறைக் கற்களின் துளைகளும் ஒரே படத்தில் கூர்மையாக விழ வேண்டும். கைபேசிக்கு இது ஒரு வேலையே அல்ல. ஆனால் என்னிடம் இருந்தது 4×5 அங்குல ஃபிலிம் தாளில் படம் பிடிக்கும் துருத்திக் கேமரா. அதற்கு இந்தக் காட்சி ஒரு சிக்கலான கணக்கு.

சிக்கல் ஃபிலிமின் அளவிலிருந்து தொடங்குகிறது. பழைய ஸ்டூடியோக்களில் பலரும் பார்த்திருக்கக்கூடிய 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டம் 24×36 மி.மீ. மட்டுமே. கோடக் நிறுவனம் 1901-இல் கொண்டுவந்து இன்றும் தயாரிப்பில் உள்ள 120 சுருளில், இரட்டை லென்ஸ் கேமராக்கள் 56×56 மி.மீ. சதுரப் படங்கள் பன்னிரண்டு எடுக்கும். இதை நடுத்தர வடிவம் என்கிறோம். 4×5 அங்குலத் தாள் இவற்றுக்கெல்லாம் மேலே உள்ள பெரிய வடிவத்தைச் சேர்ந்தது. அதில் படம் விழும் பரப்பு 35 மி.மீ. சட்டத்தைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு. இரண்டிலிருந்தும் 16×20 அங்குல அச்சுப் போட்டால், சிறிய சட்டத்தைப் பதினேழு மடங்கு பெரிதாக்க வேண்டியிருக்கும். தாளை நான்கு மடங்கு பெரிதாக்கினால் போதும். ஃபிலிமில் படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்களின் சொரசொரப்பு கண்ணில் படாமல் போவதும், சாம்பல் நிறச் சாயல்கள் வழவழப்பாக ஒன்றோடொன்று கலப்பதும் இதனால்தான்.

இந்தச் செழிப்புக்கு ஒரு விலை உண்டு. ஒரே காட்சியைப் பெரிய ஃபிலிமில் நிரப்ப வேண்டுமானால் லென்ஸின் குவியத் தூரமும், அதாவது தொலைதூரக் காட்சி லென்ஸுக்குப் பின்னால் கூர்மையாக விழும் தூரமும், கூட வேண்டும்: 35 மி.மீ. ஃபிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ் செய்யும் வேலையை, 4×5 தாளுக்கு 150 மி.மீ. லென்ஸ்தான் செய்கிறது. குவியத் தூரம் கூடக் கூட, கூர்மையாகத் தெரியும் முன்பின் எல்லை, அதாவது புல ஆழம், சுருங்குகிறது. 50 மி.மீ. லென்ஸை எஃப்/22 துளையில் (இந்த எண் கூடக் கூட, ஒளி புகும் துளை சிறிதாகும்) வைத்து உரிய தூரத்தில் குவித்தால், ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். அதே துளையில் 150 மி.மீ. லென்ஸைப் பத்து மீட்டரில் குவித்தால், தெளிவு 5 மீட்டரில்தான் தொடங்குகிறது. 3 மீட்டரில் கிடக்கும் என் வலை அதற்குள் வராது.

துளையை எஃப்/45 வரை சுருக்கினால் வலையும் உள்ளே வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் சிறு துளையின் விளிம்பில் ஒளி சிதறி, ஒவ்வொரு புள்ளியையும் ஃபிலிமில் 0.06 மி.மீ. அகல வட்டமாக ஆக்கிவிடும். நான்கு மடங்கு பெருக்கத்தில் இது பொறுக்கக்கூடியதே. பொறுக்க முடியாதது ஒளிபடும் நேரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தக் கேமராவில் துளையைத் தொடாமலே தெளிவை வேண்டிய இடத்துக்கு நகர்த்தும் வழி ஒன்று இருக்கிறது.

கேமராவின் உடலே அந்த வழிக்காகச் செய்யப்பட்டதுபோல்தான் இருக்கும். ஒரு தண்டவாளத்தின் மேல் இரண்டு சட்டங்கள் நிற்கின்றன. முன்சட்டத்தில் லென்ஸ், பின்சட்டத்தில் சொரசொரப்பாக்கிய கண்ணாடி, இரண்டுக்கும் நடுவில் ஒளி புகாத துருத்தி. மற்றப் பெரும்பாலான கேமராக்களில் லென்ஸும் ஃபிலிமும் என்றென்றைக்கும் இணையாக இருக்கும்படி பூட்டப்பட்டிருக்கின்றன. இதில் இரண்டையும் தனித்தனியே ஏற்றலாம், இறக்கலாம், சாய்க்கலாம், திருப்பலாம். கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், ஒளி நேர்க்கோட்டில் துளையைக் கடந்து வருவதால், காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். வலைக்குச் சொந்தக்காரர் ஒருமுறை துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எங்க ஊரே தலைகீழா நிக்குது?" என்றார். அடுத்த நிமிடமே கண்ணாடியில் தம் படகைத் தேடிக் கண்டுபிடித்தும் விட்டார். தலைகீழ்ப் படத்துக்குக் கண் பழக அதிக நேரம் ஆவதில்லை.

லென்ஸும் ஃபிலிமும் இணையாக இருக்கும்போது, கூர்மையாகத் தெரியும் தளமும் அவற்றுக்கு இணையாக, கேமராவின் முன்னே ஒரு கண்ணாடிச் சுவர்போலச் செங்குத்தாக நிற்கிறது. குவியத்தை மாற்றினால் அந்தச் சுவர் அருகில் வரும் அல்லது விலகிப் போகும், ஒருபோதும் சாயாது. லென்ஸை மட்டும் சாய்த்துவிட்டால் நிலைமை மாறுகிறது. ஃபிலிமின் தளம், லென்ஸின் தளம், கூர்மையின் தளம் ஆகிய மூன்றையும் நீட்டிக்கொண்டே போனால், ஒரு நோட்டுப் புத்தகத்தின் மூன்று தாள்கள் தையலில் சேர்வதுபோல, அவை ஒரே நேர்க்கோட்டில் சந்திக்கும். பிரான்சு நாட்டின் ஜூல் கார்ப்பான்டியே 1901-இல் பெற்ற காப்புரிமையில் இந்தத் தொடர்பைப் பயன்படுத்தினார். ஆஸ்திரியப் படையின் கேப்டன் தியோடர் ஷைம்ப்ஃப்ளுக், வானிலிருந்து எடுத்த கோணல் படங்களை நிலப்படங்களாக நேராக்கும் முயற்சியில் இதை விரிவாக வகுத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். ஷைம்ப்ஃப்ளுக் விதி என்று அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

எனக்கு வேண்டியது மணல்மேல் படுத்திருக்கும் கூர்மைத் தளம். ஃபிலிம் செங்குத்தாக இருக்கட்டும். லென்ஸின் தலை மட்டும் முன்னால் குனியட்டும். எவ்வளவு குனிய வேண்டும் என்பதற்கு ஒரு சிறு விதி உண்டு: குவியத் தூரத்தை, தரையிலிருந்து லென்ஸ் இருக்கும் உயரத்தால் வகுத்தால் சாய்கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். கேமராவை இடுப்பளவுக்கு, அதாவது ஒரு மீட்டர் உயரத்தில் வைத்திருந்தேன். 150-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.15, கோணம் 8.6 பாகை. 40 மீட்டர் ஆழமுள்ள காட்சியைப் படுக்க வைக்கக் கட்டைவிரல் அசைவளவு சாய்வே போதும் என்பது முதல்முறை பார்ப்பவருக்கு நம்பும்படி இராது. சாய்த்த பின் குவியத் திருகைத் திருப்பினால் தளம் முன்பின்னாக நகராது. லென்ஸுக்கு நேர்கீழே மணலில் கிடக்கும் ஒரு கோட்டைக் கீலாகக் கொண்டு, கதவுபோல மேலும் கீழும் ஆடும்.

புல ஆழத்தின் வடிவமும் இப்போது ஆப்பாகிவிடுகிறது. ஆப்பின் கூர்முனை கேமராவின் காலடியில். தூரம் போகப் போக அது தடிக்கிறது. எஃப்/22-இல், என் கணக்குப்படி, 40 மீட்டரில் தளத்துக்கு மேலும் கீழும் ஏறத்தாழ 4 மீட்டர் வரை தெளிவு உண்டு. தளத்தைச் சரியாக மணலோடு படுக்கவைத்தால் ஆப்பின் கீழ்ப்பாதி மண்ணுக்குள் போய் வீணாகும். தேவாலயச் சுவரின் மேற்பகுதியோ மங்கலாகும். ஆகவே திருகைச் சற்றுத் திருப்பி, தளம் சுவரில் 2 மீட்டர் உயரத்தில் முட்டும்படி தூக்கினேன். அப்போது சுவரில் 6 மீட்டர் வரை தெளிவு ஏறும். 3 மீட்டரில் உள்ள வலையும் ஆப்புக்குள்ளேயே இருக்கும். தப்பியது இடது ஓரத்தில் 5 மீட்டர் தூரத்தில் நட்டிருந்த ஓர் ஆள் உயரக் கம்பம்: அதில் தரையிலிருந்து முக்கால் மீட்டர் வரைதான் தெளிவு, அதற்கு மேல் மங்கல். சாய்வு எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் வைக்கிறது, அவ்வளவே.

லென்ஸைச் சாய்க்காமல் மேலே ஏற்றுவது இதைவிட எளிய வித்தை. ராமேசுவரத்தில் சன்னதித் தெருவிலிருந்து கோபுரத்தை எடுக்கக் கேமராவை அண்ணாந்து வைத்தால் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டு லென்ஸை 20 மி.மீ. ஏற்றினால், 60 மீட்டர் தூரத்தில் பார்வை 8 மீட்டர் மேலே போகிறது. கோபுரம் நேராகவே நிற்கிறது. லென்ஸ் வீசும் ஒளிவட்டம் ஃபிலிமைவிடப் பெரிதாக இருந்தால்தான் இது முடியும்; இல்லாவிட்டால் மூலைகள் கறுத்துவிடும்.

இனி நேரத்தின் கதை. அந்தி வெளிச்சத்தில் என் ஒளிமானி எஃப்/22-க்குப் பத்து வினாடி காட்டியது. எஃப்/45-க்கு அது நாற்பது வினாடி ஆகும். ஃபிலிம் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. வெள்ளி ஹாலைடு படிகத்தில் ஒளித்துகள் ஒன்று விழும்போது ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு, ஒரு வெள்ளி அயனியை அணுவாக்குகிறது. தனித்த ஓர் அணு நிலையற்றது. அடுத்த ஒளித்துகள் வருவதற்குள் அது மீண்டும் கரைந்துவிடலாம். நான்கு அணுக்கள் அளவுக்குச் சேர்ந்தால்தான் டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசல், பற்றிக்கொள்ளும் நிலைத்த புள்ளி உருவாகும். வெளிச்சம் மெதுவாகச் சொட்டும்போது பல படிகங்களில் முதல் அணுவோடு கதை முடிந்துவிடுகிறது. மங்கலான விண்மீன்களைப் படம் எடுக்கும்போது இதை அளந்து, 1900 வாக்கில் ஒரு சூத்திரம் கண்டவர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்டு. பின்னாளில் கருந்துளைகளோடு சேர்த்துப் பேசப்படும் அதே வானியலாளர்தான். நான் பயன்படுத்திய இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு, அளந்த வினாடிகளை 1.26 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும்: பத்து வினாடி பதினெட்டு ஆகிறது, நாற்பது வினாடியோ 104 ஆகிறது.

ஒருபுறம் அமைதியான பெண் கடல், மறுபுறம் சீறும் ஆண் கடல் என்று உள்ளூரார் சொல்லும் இரண்டு கடலுக்கும் நடுவில் கிடக்கும் அந்த மணல்திட்டில் 104 வினாடி காற்று ஓய்வதில்லை. துருத்தி பாய்மரம்போலக் காற்றை வாங்கும். ஈர மணலில் ஸ்டாண்டின் கால்கள் மெல்லப் புதையும். என் முதல் தாள் அப்படித்தான் வீணானது: சுவரின் ஒவ்வொரு கல்லுக்கும் இரட்டை விளிம்பு. மறுநாள் ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்து, எஃப்/22-இல் பதினெட்டு வினாடி எடுத்தேன்.

தாளைக் கழுவுவதிலும் இந்தக் கரை தன் பங்கைக் கேட்கும். டெவலப்பர் நேரங்கள் வழக்கமாக 20 பாகை செல்சியஸுக்குக் கணக்கிடப்பட்டவை. இங்கே குழாய்த் தண்ணீரே 30 பாகைக்குக் குறையாத நாட்கள் உண்டு. வெப்பம் கூடினால் வினை விரைவாகும். 24 பாகையிலேயே பத்து நிமிட வேலை ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கும் வெகு மேலே போனால் வெள்ளியைத் தாங்கும் ஜெலட்டின் ஊறி இளகி, நகம் பட்டாலே கீறல் விழக்கூடும். மீன் இறங்கும் இடத்தில் பனிக்கட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு வாளியில் பனிக்கட்டி போட்டு, அதற்குள் டெவலப்பர், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ பாட்டில்களை நிறுத்திக் குளிர்வித்தேன். உப்புக்கறை படியாமல் இருக்கக் கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர்.

காய்ந்த நெகட்டிவை ஒளிப்பலகையில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். வலையின் முடிச்சுகளில் நைலான் இழைகளின் முறுக்குத் தெரிந்தது; சுவரில், கல்லாகிப்போன பவளத்தின் துளைகள். இடது ஓரத்துக் கம்பம் முழங்காலுக்குச் சற்று மேல்வரை கூர்மையாக இருந்து, அங்கிருந்து மேலே புகைபோலக் கரைந்திருந்தது.