கூடுதல் சத்தா, நிரப்புச் சத்தா?

பிறந்த குழந்தைகளுக்கு வைட்டமின் கொடுப்பது பற்றிய துண்டறிக்கை ஒன்றைப் போன வாரம் மெய்ப்புப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் எட்டு முறை 'கூடுதல் ஊட்டச்சத்து'. இந்தத் தொடரைத் திருத்தித் திருத்திக் கை வலிக்கிறது. இதைப் படிக்கும் பாட்டி என்ன கேட்பார்? "தாய்ப்பால் இருக்கே, கூடுதலா எதுக்கு?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை, அந்தச் சொல்தான் கேட்க வைக்கிறது.

இதன் ஆங்கில மூலம் 'சப்ளிமென்ட்'. லத்தீனில் 'சப்ளேரே' என்றால் நிரப்புதல், குறைந்ததை ஈடுகட்டுதல். வைட்டமின் 1912இல் உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க் உண்டாக்கிய சொல். 'வீட்டா' என்றால் உயிர், அதனால் உயிர்ச்சத்து. நல்ல ஆக்கம்தான். வைட்டமின் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை.

சண்டை 'கூடுதல்' மேல்தான். கே வைட்டமினை எடுத்துக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடி வழியாக அது குழந்தைக்கு மிகக் கொஞ்சமே போகிறது. தாய்ப்பாலிலும் குறைவு. அது இல்லாவிட்டால் ரத்தம் உறையாது. மூளைக்குள் கசிந்து உயிரே போகலாம். அதனால்தான் பிறந்ததும் தொடையில் 1 மில்லிகிராம் ஊசி. இருக்க வேண்டிய அளவு உடம்பில் இல்லை, அதை நிரப்புகிறோம். இதில் கூடுதல் எங்கே வந்தது?

'கூடுதல்' இன்னொரு பக்கமும் இடறுகிறது: கூடக் கூட நல்லது என்று தோன்றிவிடும். ஏ வைட்டமின் அளவு மீறினால் வாந்தி வரும், உச்சிக்குழி புடைக்கும். பிறந்தவுடன் அதைக் கொடுத்தால் உயிர் காக்குமா என்று இந்தியா, கானா, தான்சானியாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் சோதித்தார்கள். தெளிவான பலன் தெரியவில்லை. பற்றாக்குறை உள்ள இடங்களில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறது, பச்சிளங்குழந்தைக்கு இல்லை.

சிலர் 'துணை உணவு' என்கிறார்கள். இது இன்னும் ஆபத்து. ஆறு மாதத்துக்குப் பிறகு பாலோடு ஊட்டும் கூழும் மசியலும்தான் துணை உணவு, இணை உணவு. அதுவரை தண்ணீர்கூட வேண்டாம், ஆனால் வைட்டமின் சொட்டு மருந்து தரலாம் என்பது விதி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், சொட்டு மருந்து தரச் சொன்ன இடத்தில் கூழைக் கரைத்து ஊட்டிவிடுவார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, கேட்பவர் காதில் அது எப்படி விழும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காத மொழிபெயர்ப்பு இது.

'குறைநிரப்பு' என்றும் ஒரு சொல் உண்டு. பொருள் சரி, ஆனால் பெற்றவளிடம் "உன் பிள்ளைக்குக் குறை" என்று சொல்வதுபோல் இருக்கிறது. அதனால் நான் எழுதுவது 'நிரப்புச் சத்து'. செயலுக்குச் 'சத்து நிரப்புதல்'. அப்புறம், எல்லா இடத்திலும் பெயர்ச்சொல் வேண்டும் என்றும் இல்லை. அந்தத் துண்டறிக்கையின் தலைப்பை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: 'பிறந்த குழந்தைக்கு ரத்தம் உறைய கே வைட்டமின் ஊசி'.