கலம் தன்னைத் தின்னும்போது டெங்கு என்ன செய்கிறது?

மழை விட்டதும் மட்டக்களப்பில் வளவு துப்புரவாக்கும் வேலை தொடங்கிவிடும். சிரட்டை, யோகட் கப், பழைய டயர் எதிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் நுளம்பு பெருகும், பின்னாலேயே டெங்கு வரும். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் வட்ஸ்அப்பில் சுற்றும் வேறொரு யோசனையும் காதுக்கு எட்டும்: பட்டினி கிடந்தால் உடம்பு தன்னைத்தானே சுத்தப்படுத்தி வைரசைக் கொன்றுவிடுமாம். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். டெங்குவில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். கஞ்சியும் ஜீவனியும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டிய நேரம் அது.

ஆனால் அந்த யோசனைக்குப் பின்னால் உண்மையான அறிவியல் ஒன்று இருக்கிறது. நம் கலங்கள் தமக்குள் பழுதானவற்றை இரட்டைச் சவ்வினால் பொட்டலமாகக் கட்டி, இலைசோசோம் என்ற அமிலப் பையோடு சேர்த்துச் செரித்துவிடுகின்றன. 1963இல் இதற்கு ஒட்டோபாஜி, அதாவது தன்னைத் தின்னுதல், என்று பெயர் வைத்தவர் கிறிஸ்டியன் டி டூவ். மதுவக் கலங்களைப் பட்டினி போட்டு, இதை இயக்கும் மரபணுக்களைக் கண்டுபிடித்த யொஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டினியில் இந்த வேலை கூடும் என்பது சரிதான். வெளியிலிருந்து சாப்பாடு வராவிட்டால் கலம் கையிருப்பை உடைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

அந்தப் பொட்டலத்தில் வைரசும் அகப்படும். சிண்ட்பிஸ் வைரஸ் தொற்றிய எலிகளின் நரம்புக் கலங்கள் அதன் புரதங்களை இப்படித்தான் அகற்றுகின்றன. வைரசுகள் சும்மா இருக்குமா? ஹெர்பீஸ் வைரஸ், பொட்டலம் கட்டத் தேவையான பெக்லின் 1 என்ற புரதத்தையே பிடித்து முடக்குகிறது. போலியோ வைரசோ பொட்டலத்துக்குள் ஏறி, கலத்தை உடைக்காமலே வெளியே போய்விடுகிறது.

டெங்கு செய்வதுதான் என்னை அதிகம் வியக்க வைக்கிறது. அது இந்த வேலையைத் தடுப்பதில்லை, தூண்டிவிடுகிறது. கலம் சேமித்து வைத்த கொழுப்புத் துளிகள் பொட்டலங்களில் போய்ச் செரிகின்றன. வெளிவரும் கொழுப்பமிலங்களை இழைமணிகள் எரித்துச் சக்தியாக்க, அந்தச் சக்தியில் வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. 2010இல் வெளியான ஆய்வில், ஆய்வுகூடத்தில் வளர்த்த ஈரல் கலங்களில் ஒட்டோபாஜியைத் தடுத்துப் பார்த்தார்கள். டெங்கு வைரசின் பெருக்கம் குறைந்தது. அப்புறம் அதே கலங்களுக்குக் கொழுப்பமிலத்தை வெளியிலிருந்து ஊட்டினார்கள். பொட்டலம் கட்டும் வேலை நின்றபடியே இருக்க, வைரஸ் மறுபடி பெருகத் தொடங்கியது.