வகுத்தலைத் தவிர்த்த விளையாட்டுகள்

1993இல் வெளிவந்த டூம் விளையாட்டில் நாயகன் எவ்வளவு முயன்றாலும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்க முடியாது. அதற்கு அடுத்த ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியில் எந்தத் திசையிலும் பார்க்கலாம். ஆனால் சுவரை நெருங்கியதும் அதன் செங்கல் வரிசைகள் நேராக ஓடாமல் நடுவில் ஒடிந்து, நாம் நகர நகர நெளியத் தொடங்கும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். வகுத்தல் என்ற கணக்கைச் செய்ய அன்றைய சில்லுகளுக்கு நேரம் போதவில்லை.

கூட்டலைவிட வகுத்தல் ஏன் அவ்வளவு கடினம் என்றால், அதன் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மீதியைப் பொறுத்தது. அந்த மீதி தெரியும் வரை அடுத்த இலக்கத்தைத் தொடங்க வழியில்லை. இன்டெலின் 486 செயலியில் இரண்டு முழு எண்களைக் கூட்டுவது கடிகாரத்தின் ஒரே துடிப்பில் முடிந்தது. 32 பிட் வகுத்தலுக்கோ சுமார் 40 துடிப்புகள் தேவைப்பட்டன. டூம் ஓடிய திரையில் 320க்கு 200 என 64,000 பிக்சல்கள் இருந்தன. அதன் உச்ச வேகமான நொடிக்கு 35 படங்கள் என்று கணக்கிட்டால், நொடிக்கு 22,40,000 பிக்சல்களை வரைய வேண்டும். 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 486க்கு ஒரு பிக்சலுக்குக் கிடைப்பது 29 துடிப்புகள் மட்டுமே. பிக்சலுக்கு ஒரு வகுத்தல் வீதம் செய்யத் துணிந்தால், வேறு எந்த வேலையும் தொடங்கும் முன்பே நேரம் தீர்ந்துவிடும்.

பிக்சலுக்கு ஒரு வகுத்தல் எதற்காக? தொலைவில் உள்ள பொருள் சிறிதாகத் தெரிவதற்குக் காரணம், அதன் அளவைத் தொலைவால் வகுத்துத்தான் திரையில் வரைகிறோம் என்பது. சுவரின் மூலைகளான முனைகளுக்கு மட்டும் இதைச் செய்தால், அதன் வெளிக்கோடுகள் சரியாக அமைந்துவிடும். சிக்கல் சுவரின் உட்புறத்தில் இருக்கிறது. அங்கே டெக்ஸ்சர் எனப்படும் மேற்பரப்புப் படத்தின் எந்தப் புள்ளி திரையின் எந்தப் பிக்சலில் விழும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சுவரின் அண்மை விளிம்பு பார்ப்பவரிடமிருந்து 1 மீட்டர் ஆழத்திலும் மறு விளிம்பு 3 மீட்டர் ஆழத்திலும் இருப்பதாகக் கொள்வோம். திரையில் அந்தச் சுவரின் நடுப்பகுதியில் இருக்கும் பிக்சலில் டெக்ஸ்சரின் பாதிப் புள்ளி வரும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அங்கே வர வேண்டியது கால்வாசிப் புள்ளி. சுவரின் அருகிலுள்ள கால் பங்கே திரையின் பாதியை அடைத்துக்கொள்ள, மீதி முக்கால் பங்கு மறுபாதிக்குள் நெருங்கி அமர்ந்துகொள்கிறது. டெக்ஸ்சரில் உள்ள இடம் திரையில் சீராக மாறுவதில்லை. ஆனால் அந்த இடத்தை ஆழத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணும், ஆழத்தின் தலைகீழியும் (1ஐ ஆழத்தால் வகுத்தால் கிடைப்பது) சீராக மாறுகின்றன. எனவே இவ்விரண்டையும் வெறும் கூட்டலால் பிக்சல் பிக்சலாக நகர்த்திச் செல்லலாம். கடைசியில் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால்தான் சரியான இடம் கிடைக்கும். தப்ப முடியாத வகுத்தல் இதுதான்.

டெக்சாஸைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1992இல் வெளியிட்ட வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டும், அடுத்த ஆண்டின் டூமும் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்திக்கவே இல்லை. சந்திக்கத் தேவையில்லாத ஓர் உலகத்தை அவை படைத்துக்கொண்டன. அந்த உலகில் சுவர்கள் எல்லாம் செங்குத்தானவை, தரைகள் எல்லாம் கிடைமட்டமானவை, பார்ப்பவரின் தலை சாய்வதே இல்லை. இதனால் ஒரு சுவரில் மேலிருந்து கீழாகச் செல்லும் எந்தப் பிக்சல் வரிசையை எடுத்தாலும் அதன் எல்லாப் பிக்சல்களும் ஒரே ஆழத்தில் இருக்கும். ஆழம் மாறாதபோது வகுத்தலை ஒருமுறை செய்தால் போதும்; மீதி அத்தனையும் கூட்டல்தான். டூமின் மூல நிரலைப் பார்த்தால், சுவரின் ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் ஒரே ஒரு வகுத்தல் இருப்பது தெரியும். தரைக்கும் கூரைக்கும் இதையே பக்கவாட்டில் திருப்பிப் போட்டார்கள்: திரையின் ஒரு கிடை வரிசையில் தெரியும் தரைப் புள்ளிகள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கும். அந்த வரிசைகளுக்கான வகுத்தல்களைத் திரையின் அளவை நிர்ணயிக்கும்போதே செய்து, ஓர் அட்டவணையில் எழுதி வைத்துவிடுகிறது நிரல். ஆட்டம் ஓடும்போது அந்த எண்ணைத் தரையின் உயர வேறுபாட்டால் பெருக்கினாலே ஆழம் கிடைத்துவிடும். அன்றைய நிரல்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கணக்கை வேகப்படுத்துவதற்குப் பதிலாகக் கணக்கின் தேவையையே உலகத்தின் வடிவமைப்பால் நீக்கியிருக்கிறார்கள்.

நாயகன் ஏன் நிமிர முடியாது என்பது இப்போது விளங்கும். தலையைச் சற்றே சாய்த்தாலும் செங்குத்து வரிசையில் ஆழம் மாறத் தொடங்கும். முழுக் கட்டுமானமும் சரிந்துவிடும். 1996இல் வந்த டியூக் நியூக்கெம் 3டி விளையாட்டில் மேலும் கீழும் பார்க்கலாம், ஆனால் அது உண்மையான சாய்வு அல்ல. படத்தை அப்படியே மேலோ கீழோ நகர்த்திக் காட்டியதால், எவ்வளவு உயரே பார்த்தாலும் கட்டடங்களின் செங்குத்துக் கோடுகள் ஒன்றையொன்று நோக்கிக் குவியாமல் விறைப்பாகவே நின்றன.

அதே 1996இல் வந்த குவேக் விளையாட்டில் சாய்தளம், வளைவு வாயில், சுதந்திரமாகத் திரும்பும் தலை என எல்லாம் இருந்தன. அந்தப் பழைய தந்திரம் இனிச் செல்லாது. இட் சாஃப்ட்வேரின் நிரலாளர்களான ஜான் கார்மாக்கும் மைக்கேல் ஆப்ராஷும் இங்கே சமரசம் ஒன்றைக் கண்டார்கள்: கிடை வரிசையில் 16 பிக்சல்களுக்கு ஒருமுறை மட்டும் முறையாக வகுப்பது, இடையில் உள்ளவற்றை நேர்க்கோடாகப் பாவித்துக் கூட்டலால் நிரப்புவது. 16 பிக்சல் இடைவெளியில் பிழை பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அந்த ஒரு வகுத்தலைக்கூட அவர்கள் ஏறக்குறைய இலவசமாகப் பெற்றார்கள். பென்டியம் செயலியில் தசமப் புள்ளிக் கணக்குகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. அது அடுத்த துண்டுக்கான வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே, முழு எண்களைக் கையாளும் பகுதி நடப்புத் துண்டின் 16 பிக்சல்களை வரைந்து முடித்துவிடும். (வகுத்தலுக்கும் பென்டியத்துக்கும் வேறொரு கதையும் உண்டு: 1994இல் அதன் தொடக்ககாலச் சில்லுகள் சில குறிப்பிட்ட எண்களைத் தவறாக வகுப்பது தெரியவந்து, அவற்றை மாற்றிக் கொடுப்பதற்கென இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.)

1999இல் வெளிவந்த குவேக் 3 அரீனாவிலும் வகுத்தலுடனான இந்தப் பகை தொடர்ந்தது. நீளமும் திசையும் கொண்ட ஒரு திசையன் சுட்டும் திசையை மட்டும் தனியே பெற அதை அதன் நீளத்தால் வகுக்க வேண்டும். நீளத்தைக் காண வர்க்கமூலம் வேறு எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே வீச்சில் கடக்கும் சிறிய செயற்கூறு ஒன்று அதன் நிரலில் இருக்கிறது. தசமப் புள்ளி எண்ணின் பிட்களை அப்படியே முழு எண்ணாகப் படித்தால், அது ஏறத்தாழ அந்த எண்ணின் மடக்கையைப் போல நடந்துகொள்ளும். மடக்கையைப் பாதியாக்கிக் கழித்தால் வர்க்கமூலத்தின் தலைகீழி கிடைக்க வேண்டும். ஆகவே செயற்கூறு அந்தப் பிட்களை ஓர் இடம் வலப்பக்கம் நகர்த்தி, 1597463007 என்ற எண்ணிலிருந்து கழிக்கிறது. பிறகு, தோராய விடையைச் செம்மைப்படுத்தும் நியூட்டன் முறையில் ஒரே ஒரு திருத்தம். இதில் பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. கார்மாக்கின் கைவண்ணம் என்று நெடுநாள் நம்பப்பட்டாலும், இந்த உத்தி அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

பிளேஸ்டேஷன் எடுத்த முடிவு இவை எல்லாவற்றையும்விட முரட்டுத்தனமானது. அதில் வகுக்கத் தெரிந்த சில்லு இருந்தது: முனைகளைத் திரைக்கு மாற்றும் துணைச் செயலி, ஓர் அட்டவணையின் உதவியுடன் ஒவ்வொரு முனைக்கும் ஒரு வகுத்தலை வேகமாகச் செய்தது. ஆனால் அங்கிருந்து படம் வரையும் சில்லுக்குப் போனவை இடவலமாகவும் மேல்கீழாகவும் முனை எங்கே இருக்கிறது என்ற இரண்டு முழு எண்கள் மட்டுமே. ஆழம் வழியிலேயே கைவிடப்பட்டது. வரையும் சில்லுக்கு ஆழமே தெரியாதபோது, டெக்ஸ்சரை முனைகளுக்கு இடையே சம அளவில் பரப்புவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. கால்வாசிப் புள்ளி வர வேண்டிய இடத்தில் பாதிப் புள்ளி வருவது இதனால்தான். நாற்கோணச் சுவரை இரண்டு முக்கோணங்களாகப் பிரித்து வரைவதால் பிழை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்கிறது. செங்கல் வரிசை மூலைவிட்டத்தில் ஒடிகிறது. முனைகள் முழுப் பிக்சல்களிலேயே அமர வேண்டியிருந்ததால் மெதுவாக நகரும் பொருள்களின் விளிம்புகள் துள்ளித் துள்ளி நகர்ந்தன. எது முன்னால், எது பின்னால் என்று அறியவும் வழியில்லாமல், தொலைவில் உள்ள முக்கோணங்களை முதலில் வரைந்து அருகில் உள்ளவற்றை அவற்றின் மேல் வரைந்தார்கள்.

இதைச் சமாளிக்க, பார்ப்பவரை நெருங்கும் சுவர்களைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கினார்கள் விளையாட்டை உருவாக்கியவர்கள். துண்டு சிறிதானால் அதன் இரு முனைகளுக்கும் ஆழ வேறுபாடு குறையும், பிழையும் அடங்கும். 1996இல் வந்த கிராஷ் பேண்டிகூட்டில் நாயகனின் உடலில் பெரும்பகுதிக்கு டெக்ஸ்சரே கிடையாது. வண்ணம் பூசிய சிறு முக்கோணங்கள் மட்டுமே. நெளிவதற்குப் படம் இருந்தால்தானே நெளியும்! அதே ஆண்டில் வந்த நின்டெண்டோ 64 என்ற விளையாட்டுக் கருவி ஒவ்வொரு பிக்சலுக்குமான வகுத்தலை வன்பொருளிலேயே செய்து முடித்தது. ஆனால் டெக்ஸ்சருக்கு 4 கிலோபைட் இடமே இருந்ததால் அதன் சுவர்கள் நேராகவும் மங்கலாகவும் தெரிந்தன.

பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் எமுலேட்டர்கள் சில, இந்த நெளிவைச் சரிசெய்தும் காட்டுகின்றன. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் இது கடினமான வேலை. விளையாட்டு அனுப்பும் வரைதல் கட்டளைகளில் ஆழம் கிடையாது என்பதால், எமுலேட்டர் துணைச் செயலியில் பிறந்த ஒவ்வொரு முனையின் ஆழத்தையும் தன்னிடம் தனியே குறித்துக்கொண்டு, அந்த முனை நினைவகத்தில் எங்கெல்லாம் நகலெடுக்கப்படுகிறது என்று பின்தொடர்ந்து, இறுதியில் வரையும் சில்லுக்குப் போகும்போது உரிய ஆழத்தை மீண்டும் அதனுடன் சேர்க்க வேண்டும். வழியில் விளையாட்டின் நிரல் அந்த எண்ணைத் தானே கணக்கிட்டு மாற்றிவிட்டால் தடம் அறுந்துபோகும். அந்த ஒரு முக்கோணம் மட்டும் பழையபடியே நெளியும்.