ஒரு கண்ணிக்கு எவ்வளவு நூல்?

பழைய பனியன் ஒன்றைக் கத்தரியால் வெட்டினால், வெட்டிய ஓரம் உடனே சுருண்டுகொள்ளும். திருப்பூரில் இயந்திரம் பின்னும் அந்தச் சிங்கிள் ஜெர்சித் துணியும், ஒரு வரிசை நிட் (புதிய கண்ணியை நம் பக்கமாக இழுப்பது), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப்பக்கமாக இழுப்பது) என மாற்றி மாற்றி நாம் கையால் பின்னும் ஸ்வெட்டரும் அமைப்பில் ஒன்றே. வளைத்துக் கண்ணியாக்கப்பட்ட நூல் நிமிர முயல்கிறது. கையால் பின்னும்போது வரிசைதோறும் துணியைத் திருப்புவதால், அங்கும் எல்லாக் கண்ணிகளும் துணியின் ஒரே பக்கமாகவே இழுக்கப்பட்டிருக்கும்; அதனால் அந்த முயற்சிகள் ஒன்றுசேர்ந்து துணியைச் சுருட்டிவிடுகின்றன. எனவே ஓரம் சுருள்வதைக் கைக்குற்றம் என்று எண்ணிக் கலங்க வேண்டாம். ஓரக் கண்ணிகள் நாலைந்தை எல்லா வரிசைகளிலும் நிட்டாகவே பின்னினால் இருபுற இழுப்பும் ஈடாகி, சுருளல் பெரிதும் அடங்கும்.

கண்ணிகள் சிறிதும் பெரிதுமாக அமைவதுதான் கை சம்பந்தப்பட்டது. "இன்னும் இறுக்கிப் பின்னு" என்ற அறிவுரை இதற்குப் பயன்படாது. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரே நீள நூல் இருக்க வேண்டும், அவ்வளவே. அந்த நீளத்தை அளந்து தருவது ஊசியின் பருமன். 4 மி.மீ. ஊசியின் சுற்றளவு ஏறத்தாழ 12.5 மி.மீ.; கூராகச் சரியும் நுனியில், 3 மி.மீ. பருமனே உள்ள இடத்தில், அது 9.4 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே புதிய கண்ணியை முழுப் பருமன் உள்ள தண்டுவரை நகர்த்திய பிறகே நூலை இழுக்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுதான் என்பேன்.

பர்ல் வரிசையில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் நூல் சுற்றிவரும் வழி பலருக்குச் சற்று நீண்டுவிடுவதால், அந்த வரிசை மட்டும் தளர்ந்துபோகிறது. துணியைத் திருப்பிப் பாருங்கள்: மேடுகள் இரண்டிரண்டு வரிசையாக நெருங்கி, இடையிடையே பள்ளம் விழுந்திருந்தால் காரணம் இதுவே. பர்ல் வரிசைக்கு மட்டும் அரை மி.மீ. மெல்லிய ஊசியை எடுத்துக்கொண்டால் பள்ளம் மறையும்.

ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷேவில் கவனம் கூடுதலாகவே தேவை. இதுவரை பார்த்த ஊசிப் பின்னலில் (நிட்டிங்கில்) ஒரு கண்ணியில் மிஞ்சிய நூலை ஊசிமுனையால் அக்கம்பக்கத்துக் கண்ணிகளுக்குப் பகிர்ந்துவிடலாம். குரோஷேவிலோ ஒவ்வொரு கண்ணியும் முடிந்தவுடன் பூட்டிக்கொள்வதால், பிறகு திருத்த இடமில்லை. கொக்கியை உள்ளே விட்டு முதலில் இழுக்கும் வளையம் எவ்வளவு உயர்கிறதோ, அதுவே பெரும்பாலும் அந்தக் கண்ணியின் உயரம். நூலைக் கொக்கியின் மேலாகச் சுற்றினால் கண்ணியின் கால்கள் ஆங்கில 'வி' போலவும், கீழாகப் பிடித்து இழுத்தால் பெருக்கல் குறி போலவும் அமையும். எதுவும் தவறில்லை, ஒரே துணியில் இரண்டையும் கலப்பதுதான் அழகைக் கெடுக்கும்.

எஞ்சிய சிறு ஏற்றத்தாழ்வுகளைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். கம்பளி இழை கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நனையும்போது அதன் ஹைட்ரஜன் பிணைப்புகள் பல அவிழ்ந்து, உலரும்போது புதிய வடிவில் மீண்டும் பிணைகின்றன. அதனால் நனைத்த துணியைப் பிழிந்து முறுக்காமல் துண்டில் ஒற்றி, சமதளத்தில் அளவாக விரித்துக் குண்டூசி குத்தி, முழுவதும் காயும்வரை விட்டுவிட வேண்டும். அக்ரிலிக் நூல் தண்ணீருக்கு இப்படி வசப்படாது. இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாலோ அதன் இழைகள் இளகித் தட்டையாகி, பழைய துள்ளல் திரும்பவே திரும்பாது.