ஸ்தாபகர், தாபகர், நிறுவுநர்

கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் அழைப்பிதழுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். 'லீக் ஸ்தாபகர் கௌரவிப்பு விழா' என்று தலைப்பு. "அண்ணே, இந்த நாலு சொல்லில தமிழ் எது?" என்று எழுத்துக் கோக்கும் தம்பி கேட்டான். விழா மட்டும்தான் என்றேன். அழைப்பிதழ் கொண்டுவந்தவருக்கு வேறு கவலை. "அவர் முதல் தலைவர் இல்லை, செயலாளராத்தான் இருந்தவர். ஸ்தாபகர் என்று போடலாமோ?"

இரண்டு கேள்விக்கும் சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது.

ஸ்தாபகர் வடசொல். 'ஸ்தா' என்றால் நில். ஸ்தானம், ஸ்திரம் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஸ்தாபித்தல் நிற்கச் செய்வது, ஸ்தாபகர் நிற்கவைத்தவர். மெய்யெழுத்தில் சொல் தொடங்குவதைத் தமிழ் ஏற்காது. ஆகவே முன்னால் நிற்கும் 'ஸ்' விழுந்து தாபகர், தாபனம் என்றாகும். கொழும்புக்காரருக்கு இது புதிதல்ல. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், பெற்றோலியக் கூட்டுத்தாபனம் என்று நாள்தோறும் சொல்லுகிறோம். அந்தத் 'தாபனம்' இந்த ஸ்தாபனமேதான்.

தமிழில் இதற்கு நேரான வினை நிறுவு. இதன் வேரும் 'நில்'தான். 'founder' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்னால் இருக்கும் இலத்தீன் வேருக்கு 'அடி', 'அடித்தளம்' என்று பொருள். அவர்கள் கீழே அடித்தளம் போடுகிறார்கள். நாங்கள் எழுப்பி நிறுத்துகிறோம். கணித வகுப்பில் 'பைதகரசின் தேற்றத்தை நிறுவுக' என்ற வினாவைக் கண்டு வியர்த்தவர்களுக்குச் சொல்லின் இன்னொரு முகமும் தெரியும். ஆட்டம் காணாமல் நிற்கவைத்துக் காட்டினால்தான் அது நிறுவல்.

தமிழ்நாட்டில் 'நிறுவனர்' பெருவழக்கு. பிழை என்று அடிக்கப் போவதில்லை. ஆனாலும் அனுப்புநர், ஓட்டுநர், இயக்குநர் போல வினையோடு 'நர்' சேர்த்தால் வருவது நிறுவுநர். என் கை அதைத்தான் எழுதும்.

சரி, நிறுவுநர் யார்? அமெரிக்க பேஸ்போலில் இதற்கு ஒரு வழக்கே நடந்தது போலத்தான். நெஷனல் லீக் 2.2.1876 அன்று நியூயோர்க்கில் எட்டுக் கழகங்களோடு தொடங்கியது. கழகங்களைப் பேசிச் சேர்த்தவர் சிக்காகோ கழகத்தின் வில்லியம் ஹல்பேட். தலைவர் நாற்காலியில் முதலில் அமர்ந்தவரோ ஹாட்பர்ட்டின் மோர்கன் பல்க்லி. அவர் ஓராண்டில் விலக, ஹல்பேட் பொறுப்பேற்று 1882இல் இறக்கும்வரை லீக்கைக் கட்டிக்காத்தார். ஆனால் பேஸ்போல் புகழ் மண்டபத்தில் பல்க்லியின் பெயர் 1937இலேயே ஏறிவிட்டது. ஹல்பேட்டின் பெயர் ஏற 1995 ஆனது. நாற்காலி கண்ணுக்குத் தெரியும், அலைந்த கால் தெரியாது. சிக்காகோவில் அவருடைய கல்லறைக் கல் மட்டும் பேஸ்போல் பந்தின் வடிவத்தில் இருக்கிறது.

அப்புறம் 'லீக்'. தமிழ் எழுத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு தொல்லை உண்டு: வினாத்தாள் லீக்கானாலும் லீக்தான், பந்தாட்ட லீக்கும் லீக்தான். நம்முடைய லீக், கட்டுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தனித்தனியே நின்றவர்களை ஒரு கட்டாகக் கட்டுவது. இங்கிலாந்தில் 1885இல் காசுக்கு உதைபந்து ஆடுவது சட்டபூர்வமானதும் கழகங்களுக்குச் சம்பளச் செலவு விழுந்தது. குறித்த ஆட்டங்களோ அடிக்கடி கைவிடப்பட்டன. பேர்மிங்ஹாம் துணிக்கடைக்காரரும் அஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகியுமான வில்லியம் மெக்ரெகர் 2.3.1888 அன்று சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார்: ஆண்டுதோறும் தவறாமல் ஒருவரோடொருவர் ஆடுவோம். அந்த செப்டெம்பரிலேயே 12 கழகங்கள் களமிறங்கின. 2009இல் அந்தக் கழகத்தின் மைதானமான வில்லா பார்க்குக்கு வெளியே மெக்ரெகருக்குச் சிலை வைத்தார்கள். நிறுவியவரை நிறுவினார்கள் என்றும் சொல்லலாம்.

இலங்கையில் 'லீக்' இன்னொரு வேலையும் செய்கிறது. யாழ்ப்பாண லீக், மன்னார் லீக் என்றால் போட்டித் தொடர் மட்டுமல்ல, அந்தப் பகுதிக் கழகங்களை ஆளும் அமைப்பும் அதுதான். அதனால் 'சுற்றுப்போட்டி' போதாது. 'கழகம்' உறுப்புக் கழகத்துக்குப் போய்விட்டது, 'சம்மேளனம்' தேசிய அமைப்புக்கு. 'கூட்டமைப்பு' என்று போட்டால் நம்மவர் காதில் தேர்தல் மேளம் கேட்கும். 'கழகக் கூட்டு' பொருந்தும். வேரிலுள்ள கட்டும் அதில் இருக்கிறது. ஆனால் அழைப்பிதழில் திடீரென்று போட்டால் தலைவரே மண்டபம் மாறிப் போவார். லீக்கை லீக்காகவே விட்டேன்.

கௌரவம் பற்றி ஒரு வரி. 'குரு' என்றால் கனமானது, அதிலிருந்து வந்த கௌரவம் கனம். மதிப்பளிப்பு நல்ல தமிழ், ஊரில் வழங்குவதும்கூட.

ஆக, அந்தச் செயலாளருக்கு 'லீக் நிறுவுநர் மதிப்பளிப்பு விழா' என்று அச்சடித்துக் கொடுத்தோம். விழாவுக்கு நானும் போயிருந்தேன். ஒலிவாங்கியைப் பிடித்த அறிவிப்பாளர் அழைப்பிதழை ஒருமுறை பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார், "எங்கள் ஸ்தாபகத் தலைவர் அவர்களே" என்று தொடங்கினார்.